பெட்டி நிறைந்துவிட்டது

ரீனாவுக்கு அந்த மெயில் பெட்டியைத் திறந்து கொடுத்தவன் அந்தோணி பிரபு, அவள் தங்கை ஜெரினாவின் புருஷன். தொண்ணூற்றேழாம் வருஷம், கல்யாணமான கையோடு இருவரும் அமெரிக்காவுக்குக் கிளம்பிய சமயம். காரைக்குடியில் அப்போது இணையம் வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். செக்காலை ரோட்டில் டிடிபி கடை வைத்திருந்த முத்துக்கிருஷ்ணன் அவர்களில் ஒருவன். நகை வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளை. பட்டறையில் குனிந்து உட்கார முதுகு இடம் கொடுக்கவில்லை என்று கம்ப்யூட்டர் வாங்கிக் கல்யாணப் பத்திரிகை அடிக்க ஆரம்பித்தவன். மதுரைக்கு எஸ்.டி.டி. போட்டுத்தான் அவனுக்கு இணைப்புக் கிடைக்கும். மோடம் கத்தி ஓய்ந்த பிறகு பிரபு கீபோர்டை ரீனாவின் பக்கம் நகர்த்தினான்.

"மதினி, போன்ல பேசுனா அவசர அவசரமா ரெண்டு வார்த்தை பேசிட்டு வைக்கணும். இதுல எம்புட்டு வேணும்னாலும் எழுதலாம். உங்களுக்குத்தான் டைப்பிங் தண்ணி பட்ட பாடாச்சே."

உண்மைதான். ரீனா பாலிடெக்னிக் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தாள். எந்தக் கடிதம் எந்தக் கோப்பில் கிடக்கிறது என்று முதல்வரே அவளிடம்தான் கேட்பார். அப்பா செத்தபோது ஜெரினா ஏழாம் வகுப்பு. அம்மா பவுலினும் தொண்ணூற்றைந்தில் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அக்கா, தங்கை இரண்டே பேர். ஜெரினாவைப் படிக்க வைத்ததும், வரன் பார்த்துக் கோயிலில் கைபிடித்துக் கொடுத்ததும் ரீனாதான். தன் கல்யாணத்தைப் பற்றி யாராவது கேட்டால் "அவளுக்கு முடியட்டும்" என்பாள். அவளுக்கு முடிந்தபோது ரீனாவுக்கு முப்பத்தைந்து வயது. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அலுவலகம் விட்டதும் நேரே கடைக்கு வந்துவிடுவாள். ஜெரினா தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்புவாள். பாதி புரியாது. வாய்க்குள் சொல்லிப் பார்த்தால் புரிந்துவிடும். அப்படிச் சொல்லிப் பார்க்கும்போது ஜெரினாவின் குரலே காதில் கேட்கும். 'அக்கா, நேத்து முதத் தடவையா பனி பெஞ்சுச்சு. ஒரு சட்டியில அள்ளி வச்சுப் பாத்தேன், கல்லுப்பு மாதிரி இருக்கு.' 'அக்கா, இங்க முருங்கைக்காய் டப்பாவுல வருது, கருமம், வாயில வைக்க முடியல.' 'அக்கா, நீ ஏன் விசாவுக்கு எழுதிப் போட மாட்டேங்கிற? நான் இங்க ஒத்தையா என்ன செய்ய?'

வந்ததில் ஒன்றைக்கூட ரீனா அழிக்கவில்லை. பெட்டிக்குள் தனித்தனி அறைகள் போட்டுக்கொள்ளலாம் என்று தெரிந்ததும் அலுவலகக் கோப்புகளைப் போலவே பிரித்து வைத்தாள். சமையல் என்று ஒன்று. பனி என்று ஒன்று. பிரபுவின் வேலை, வாடகை வீடு பற்றியதெல்லாம் ஒன்று. சண்டை என்றும் ஒன்று இருந்தது. அமெரிக்காவுக்கு வரமாட்டேன் என்று ரீனா முடிவாக எழுதியதற்கு ஜெரினா கோபமாகப் போட்ட கடிதங்கள் அதில் கிடந்தன. வாரக் கடைசியில் விளம்பரக் குப்பையையும், பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும் என்று மிரட்டுகிற கடிதங்களையும் கழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். முத்துக்கிருஷ்ணன் சிரிப்பான்.

"எல்லாரும் மெயில் பாக்க வாராக. நீங்க வீடு கூட்ட வந்த மாதிரி வாரீகக்கா."

"குப்பையோட இருந்தா எனக்குத் தூக்கம் வராது தம்பி."

தொண்ணூற்றெட்டு நடுவில் ஜெரினா உண்டாகியிருந்தாள். ஏப்ரலில் பிரசவம் என்று சொல்லியிருந்தார்கள். விடுப்பெடுத்துக்கொண்டு தானே போய்விடுவது என்று ரீனாவும் மனதை மாற்றிக்கொண்டு பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாள். அது கைக்கு வருவதற்குள், ஜனவரியிலேயே, குழந்தை பிறந்துவிட்டது. கையகலம்தான் இருக்கிறது என்று பிரபு போனில் சொன்னான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்களாம். நர்ஸ் ஒருத்தியே அவசரத்துக்கு ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறாள். பெயர் பவுலின், அம்மாவின் பெயர்.

"மதினி, ஆபீஸ்ல ஒரு கேமரா இருக்கு. ஃபிலிம் வேணாம், நேரா கம்ப்யூட்டர்ல ஏறிரும். போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்புறேன். இவ வார்டுல படுத்துக்கிட்டு, அக்கா பாக்கட்டும் அக்கா பாக்கட்டும்னே சொல்லிக்கிட்டிருக்கா."

மறுநாள் அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு கடைக்கு ஓடினாள். படம் சட்டென்று வரவில்லை. மேலேயிருந்து ஒவ்வொரு கோடாக இறங்கியது. முதலில் ஒரு பச்சைத் திரைச்சீலை. அப்புறம் வெளிச்சம். அப்புறம் வெள்ளைத் துணித் தொப்பி. லைன் அறுந்துவிட்டது. முத்துக்கிருஷ்ணன் மறுபடி எண்ணைச் சுழற்றினான். மறுபடியும் திரைச்சீலையிலிருந்து ஆரம்பித்தது. தொப்பிக்குக் கீழே நெற்றி, மூடின கண், மூக்கில் குழாய், கன்னத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி. ரீனா திரையில் விரல் வைத்தாள்.

"நெத்தியப் பாருங்க தம்பி. எங்க அம்மா நெத்தி."

அவன் ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஆமாக்கா" என்று சொல்லி, பத்திரிகை அடிக்க வந்திருந்தவர்களிடம் போய் நின்றுகொண்டான்.

பிரபு சில நாளைக்கு ஒன்றாக அனுப்பிக்கொண்டே இருந்தான். ஒரு படத்தில் கை மட்டும், பிரபுவின் விரலைப் பிடித்தபடி. ஒன்றில் ஜெரினா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடி மேல் முகத்தை வைத்திருந்தாள். ரீனா 'பவுலின்' என்று தனி அறை போட்டு எல்லாவற்றையும் அதில் வைத்தாள். ஒவ்வொரு படமும் எத்தனையோ கடிதங்களின் இடத்தை அடைத்துக்கொண்டது. பெட்டி முக்கால்வாசி நிரம்பிவிட்டதென்று மேலே ஒரு வரி வந்து நின்றது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

குழந்தை மூன்று வாரம் இருந்தது. பிப்ரவரியில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பிரபு 'மதினி' என்று சொல்லி மூச்சு விட்டதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அவகிட்ட குடுங்க."

"பேச மாட்டேங்கிறா மதினி. போனைக் கையில குடுத்தா பிடிச்சுக்கிட்டே நிக்கிறா."

அன்று சாயங்காலப் பூசைக்குப் பிறகு பங்குச் சாமியாரிடம் சொல்லி ஒரு செபம் சொல்ல வைத்தாள். ஊரில் அந்தக் குழந்தைக்காக நடந்தது அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்து சில நாளில் பிரபு எழுதினான். வழக்கமாக இரண்டு வரிக்கு மேல் எழுதாதவன் நீளமாக எழுதியிருந்தான். ஜெரினா ராப்பகலாகக் கம்ப்யூட்டர் முன்னால் அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், சாப்பிடுவதில்லை, டாக்டர் கொஞ்ச நாளைக்கு அதைக் கண்ணில் காட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டார். 'அதனால இங்க இருக்கிறதை எல்லாம் அழிச்சு எடுத்துட்டேன் மதினி. ஆபீஸ் கேமராவையும் திருப்பிக் குடுத்தாச்சு. படம் உங்ககிட்ட இருக்கட்டும். அவ தெளிஞ்சு வந்த பெறகு ஒருநா கேப்பா. அப்ப அனுப்பி வைங்க.'

ரீனா 'என்கிட்ட பத்திரமா இருக்கும்' என்று பதில் போட்டாள்.

ஜெரினாவால் போனில் பேச முடியவில்லை. ஆனால் எழுத முடிந்தது. தினமும் எழுதினாள். சில நாள் இரண்டு, மூன்று. பெரும்பாலும் சொன்னதையே சொல்லியிருப்பாள். 'அக்கா, அன்னைக்கு நான் மாடிப்படி ஏறாம இருந்திருந்தா?' 'அக்கா, பால் கட்டிக்கிட்டு வலிக்குது. எதுக்கு இது வருது?' 'அக்கா, இருக்கியா?' அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் ரீனா தினமும் கடைக்குப் போனாள். சனிக்கிழமை போதவில்லை. ஐந்தரைக்கு அலுவலகம் விட்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தே வந்து, வேர்வையோடு உட்கார்ந்து, 'இருக்கேன் ஜெரி' என்று அடிப்பாள். அதற்குக் கீழே என்ன எழுதினாலும் பொய்யாகப் பட்டது. இருந்தாலும் எழுதினாள். இன்று வெயில் அதிகம். பக்கத்து மேசைத் தேனம்மை ரிட்டயராகிறாள். மல்லிச் செடி பட்டுப்போய்விட்டது.

மார்ச்சில் பெட்டி நிரம்பப் போகிறதென்று எச்சரிக்கை வந்தது. ரீனா முதலில் குப்பையைக் கழித்தாள். பிறகு பாலிடெக்னிக் சம்பந்தமாக வந்தவற்றை. அதுவும் இரண்டு நாளுக்கே தாங்கியது. அப்புறம் ஜெரினாவின் பழைய கடிதங்களில் கை வைக்க வேண்டியதாயிற்று. சமையல் அறையை மொத்தமாகக் காலி செய்தாள். டப்பா முருங்கைக்காய் போனது. பனியில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்தாள். அந்த ஒன்றையும் அடுத்த வாரம் எடுத்துவிட்டாள். சந்தோஷமாக எழுதின கடிதங்களை அழித்து, அழுது எழுதுகிற கடிதங்களுக்கு இடம் பண்ணிக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மவுஸிலிருந்து கையை எடுத்தாள். திரும்ப வைத்தாள். வேறென்ன செய்வது?

ஒரு வெள்ளிக்கிழமை உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டாள். திங்கட்கிழமை ராத்திரிதான் எழுந்திருக்க முடிந்தது. செவ்வாய் விடியும்போது போன் அடித்தது. பிரபு.

"மதினி, என்ன ஆச்சு உங்களுக்கு? அவ எழுதுற மெயிலெல்லாம் திரும்பி வருது. பெட்டியில இடமில்லன்னு இங்கிலீஷ்ல வருது, இவ அதைப் படிக்க மாட்டேங்கிறா. அக்கா என் லெட்டரைத் திருப்பி அனுப்புறா, அக்காவுக்கும் என்னைப் பிடிக்கலங்கிறா. மத்தியானத்துல இருந்து பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கா."

"போனை அங்க கொண்டு போங்க. கதவுக்கிட்ட வைங்க."

கதவுக்கு வெளியே அவன் போனைப் பிடித்துக்கொண்டிருந்தான். ரீனா கத்தினாள். "ஜெரி, நான்தான். பெட்டி நெறஞ்சு போச்சுடி. நான் திருப்பி அனுப்பல. காய்ச்சல்ல கிடந்தேன். இன்னைக்குச் சரி பண்ணிர்றேன். எழுதுடி. எதை வேணும்னாலும் எழுது." அந்தப் பக்கம் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அலுவலகத்துக்குப் போகாமல் முத்துக்கிருஷ்ணன் ஷட்டரைத் தூக்கும்போதே போய் நின்றாள். அவன் பெட்டியைத் திறந்து பார்த்தான்.

"லெட்டரை எம்புட்டு அழிச்சாலும் பத்தாதுக்கா. முக்காவாசி இடத்தை இந்தப் போட்டோதான் பிடிச்சிருக்கு. வேற பெட்டி ஒண்ணு தொறந்து அதுக்கு அனுப்பிருவோமா?"

முயன்று பார்த்தார்கள். ஒரு படம் பாதி போவதற்குள் லைன் அறுந்தது. மறுபடி போட்டால் மறுபடி அறுந்தது. இதற்கிடையில் அமெரிக்காவில் ராத்திரி ஆகிவிட்டிருந்தது. ஜெரினா எழுத உட்கார்ந்தால் அதுவும் திரும்பிப் போகும்.

"ஃப்ளாப்பியில எடுத்துருவோம்க்கா. போட்டோவெல்லாம் இங்கன நம்ம மிஷின்ல எறக்கி, அதுல இருந்து ஃப்ளாப்பிக்கு. மிஷின்லயும் ஒரு காப்பி கெடக்கும். பயமே இல்ல."

ஒரு முழுக் காலை அதற்கே சரியாகிவிட்டது. எல்லாம் ஏறியதும் அவன் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினான். திரைச்சீலை, தொப்பி, கை. எல்லாம் இருந்தன. அட்டையில் பெயர் எழுதி ஒட்டிக் கொடுத்தான். கையில் இருந்த புது ஃப்ளாப்பி அது ஒன்றுதான். இன்னொன்று வாங்கியதும் அதிலும் ஒரு காப்பி போட்டுத் தருகிறேன் என்றான்.

"இப்ப பெட்டியில இருக்கிறதை நீங்களே எடுத்துர்றீகளா, நான் எடுக்கட்டா?"

"நானே எடுக்கிறேன்."

பவுலின் என்ற அறையைத் திறந்து எல்லாவற்றுக்கும் டிக் போட்டாள். அழித்துவிடவா என்று கேட்டது. ஆம் என்றாள். குப்பைத் தொட்டிக்குள் போயின. தொட்டியைக் காலி செய்தால்தான் இடம் வரும் என்று முத்துக்கிருஷ்ணன் சொன்னான். அதையும் செய்தாள். பெட்டி ஒரே நொடியில் இலேசாகிவிட்டது. சாயங்காலம் ஜெரினாவிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது: 'இப்ப போகுதா அக்கா?' ரீனா அங்கேயே கர்சீப்பில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தான் செய்தது சரிதான் என்று அன்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ஃப்ளாப்பியைப் பீரோவில் அம்மாவின் சேலைகளுக்கு நடுவே வைத்தாள். மதுரைக்குப் போகும்போது கலரில் பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தாள். ஆனால் யாரோ கடைக்காரன் அந்தக் குழாயையும் பிளாஸ்திரியையும் பார்த்து, இது என்ன என்று கேட்பான் என நினைக்கும்போதே போகப் பிடிக்கவில்லை. முத்துக்கிருஷ்ணன் இன்னொரு காப்பி போட மறந்துவிட்டான். கல்யாண சீசன், கண்டனூர்ப் பத்திரிகைகளே மலையாகக் குவிந்திருந்தன. அவளும் நினைவுபடுத்தவில்லை. ஏப்ரல் கடைசியில் ஏதோ வைரஸ் வந்து அவன் மிஷினைத் துடைத்துவிட்டது. பத்திரிகை மாதிரிகள், கட்சிக்காரர்களின் நோட்டீஸ் எல்லாம் போய், அவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரீனா ஆறுதல் சொன்னாள். தன்னுடையதும் அதில் போயிருக்கிறது என்று அப்போது உறைக்கவில்லை. வீட்டில்தான் பத்திரமாக இருக்கிறதே.

ஜெரினா மெல்லத் தேறினாள். கடிதங்கள் தினமும் ஒன்றாகி, வாரத்துக்கு இரண்டாயின. பிரபு வேறு கம்பெனிக்கு மாறினான். வேறு ஊர், வேறு வீடு. ஆகஸ்டில் ஜெரினாவே போன் செய்தாள். ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் குரலைக் கேட்கிறாள் ரீனா.

"அக்கா, நல்லாருக்கியா?"

"இருக்கேன்டி. நீ?"

"இப்ப பரவால்ல. ஒரு சர்ச் குரூப்புக்குப் போறேன். எல்லாரும் பிள்ளையப் பறிகுடுத்தவக. அடுத்த வாரம் ஒரு பூசை. பிள்ளைக போட்டோ வச்சு மெழுகுவத்தி ஏத்துவாங்களாம். போட்டோவெல்லாம் உன்கிட்ட இருக்குன்னு இவர் சொன்னாரு. இப்ப பாத்தா ஒண்ணும் ஆகாதுக்கா. அனுப்புறியா?"

"இன்னைக்கே அனுப்புறேன்."

பீரோவைத் திறந்து ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு போனாள். முத்துக்கிருஷ்ணன் செருகினான். மிஷின் கர்ர் கர்ர் என்று இழுத்தது. இந்த டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை, புதிதாக ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டது. அவன் வெளியே எடுத்து, மூடியை நகர்த்தி, வெளிச்சத்தில் பார்த்தான். கறுப்புத் தகட்டில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்திருந்தது.

"பூஞ்சை பிடிச்சிருச்சுக்கா."

"தொடைச்சுப் போடுங்க."

துடைத்துப் போட்டான். பக்கத்துக் கடை மிஷினில் போட்டான். பாலிடெக்னிக் கம்ப்யூட்டர் லேபில் பொன்னழகு சார் முயன்று பார்த்தார். எல்லா மிஷினும் அதையே கேட்டது. பிரபுவின் பழைய ஆபீஸில் விசாரிக்கச் சொல்லலாமா என்று ரீனா நினைத்தாள். அவன் எடுத்துவிட்டேன் என்றல்லவா எழுதியிருந்தான்? மெயில் கம்பெனிக்கு முத்துக்கிருஷ்ணன் இங்கிலீஷில் எழுதிப் போட்டான். உங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி என்று மிஷினே ஒரு பதில் அனுப்பியது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறி மதுரைக்குப் போனார்கள். டவுன்ஹால் ரோட்டில் ஒரு மாடியில், கெட்டுப்போன டிஸ்க்குகளிலிருந்து எடுத்துத் தருகிறவர் ஒருவர் இருந்தார். மத்தியானம் வரை முயன்றார். கடைசியில் ஒரே ஒரு படத்தில் கொஞ்சம் வந்தது. பச்சைத் திரைச்சீலை, வெளிச்சம், தொப்பியின் மேல் விளிம்பு. அதற்குக் கீழே திரை முழுக்கச் சாம்பல்.

"அம்புட்டுத்தாம்மா வரும். இதைப் பிரிண்ட் எடுத்துத் தரவா?"

ரீனா வேண்டாம் என்றாள். திரும்பும் பஸ்ஸில், திருப்பத்தூர் தாண்டினதும் முத்துக்கிருஷ்ணன் சொன்னான்.

"இன்னொரு காப்பி போட்டுத் தாரேன்னு சொன்னேன்லக்கா. நான்தான் போடல."

"நானும் கேக்கலையே தம்பி."

அவனைத் திட்ட முடிந்தால்கூட நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். மனம் அங்கே போகவே இல்லை. ஆம் என்று அமுக்கிய விரல் தன்னுடையது.

எழுத்தில் சொல்லக் கை வரவில்லை. போனில் சொன்னாள். நடந்ததை ஒன்று விடாமல், பெட்டி நிறைந்த நாளிலிருந்து சொன்னாள்.

"அப்ப நான் எழுதுன லெட்டருக்காகத்தான் அதை அழிச்சியா?"

"உனக்காகத்தான்டி. நீ பாத்ரூம்ல..."

"நான் என்ன பெரிசா எழுதுனேன்? அழுததையே திருப்பித் திருப்பி எழுதுனேன். அதுக்கு இடம் வேணும்னு எம் பிள்ளைய எடுத்துட்டியா?"

கத்தியிருந்தால், கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் ரீனா தாங்கியிருப்பாள். ஜெரினா கணக்கில் விட்டுப்போன ஏதோ ஒன்றைக் கேட்பது போல மெதுவாகத்தான் கேட்டாள். பிறகு "சரிக்கா, வைக்கிறேன்" என்றாள்.

அந்தப் பூசைக்கு அவள் போகவில்லை என்று பிரபு எழுதினான்.

செப்டம்பர் முழுக்கக் கடிதம் இல்லை. ரீனா தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனாள். அக்டோபரில், அந்தோணியார் கோயிலுக்குப் போய்விட்டு வந்த செவ்வாய்க்கிழமை, ஜெரினாவின் பெயர் இருந்தது.

'அக்கா, உன்மேல கோபமில்ல. நீ வேணும்னு செய்யல. எனக்கு ஒண்ணே ஒண்ணு செய். நீ அந்தப் போட்டோவை நிறையத் தடவை பாத்திருப்ப. எனக்குக் கொழாயும் மிஷின் சத்தமும்தான் ஞாபகத்துல நிக்குது. பாப்பா முகம் வர மாட்டேங்குது. எப்படி இருந்தாள்னு நீ எழுது. நீ எழுதுனா நான் பிடிச்சுக்குவேன்.'

ரீனா அன்று கடையிலேயே எழுதவில்லை. வீட்டுக்குப் போய், யோசித்து, பேப்பரில் எழுதிக் கொண்டுவந்து, மறுநாள் அடித்தாள். நெற்றி அம்மாவுடையது, அகலம், நடுவில் லேசாகப் பள்ளம். கண் மூடியிருந்தாலும் இமை நீளம். இடது காது மடங்கியிருந்தது. தலையில் சுருட்டை சுருட்டையாகக் கறுத்த முடி. தாடையில் சின்னக் குழி. எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. நிறைய நாளுக்குப் பிறகு தங்கைக்கு ஒன்று கொடுக்கிறோம் என்று இருந்தது. இரண்டு பக்கத்துக்கு எழுதி அனுப்பினாள்.

மறுநாளே பதில் வந்துவிட்டது.

'அக்கா, காது இடதில்ல, வலது. நான் தொட்டிருக்கேன். முடின்னு எழுதியிருக்க. எப்பவுமே தொப்பிதான் போட்டிருந்தாங்க. ஒரு போட்டோவுலயும் முடி தெரிஞ்சிருக்காது. எனக்கே தெரியாது அவளுக்கு முடி இருந்துச்சா இல்லையான்னு. சுருட்டை முடியும் தாடையில குழியும் அம்மா அலமாரியில இருந்துச்சே, நான் பிறந்தப்ப எடுத்த போட்டோ, அது. நீ என்னைய எழுதியிருக்க அக்கா. பாப்பாவ எழுதல.'

ரீனா கண்ணை மூடி அந்தப் படத்தைக் கொண்டுவரப் பார்த்தாள். திரைச்சீலை வந்தது. வெளிச்சம் வந்தது. தொப்பி வந்தது. அதற்குக் கீழே குழி விழுந்த தாடையோடு ஜெரினா சிரித்தாள். தள்ளிவிட்டு மறுபடி முயன்றாள். மறுபடியும் ஜெரினாதான். அந்த நெற்றிகூட அம்மாவுடையதுதானா, தான் அப்படிச் சொல்லிக்கொண்டதா என்று இப்போது தெரியவில்லை. சொந்தத்தில் அந்தக் குழந்தையைப் பார்த்தவர்கள் மூன்று பேர். ஒருத்தனுக்கு அதைப் பற்றிப் பேசப் பிடிக்காது. ஒருத்திக்குக் குழாய் மட்டும் ஞாபகம். மூன்றாவது ஆளான தானோ பொய் எழுதியிருக்கிறாள்.

'எனக்கும் ஞாபகமில்ல ஜெரி' என்று அடித்தாள். இன்னும் ஏதாவது சேர்க்கலாமா என்று பார்த்தாள். அப்படியே அனுப்பினாள்.

அதற்குப் பதில் வரவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பிரபு வாழ்த்து அனுப்பியிருந்தான். நன்றாக இருக்கிறோம், ஜெரினா வேலைக்குப் போகிறாள், வீட்டுக் கம்ப்யூட்டர் பக்கமே வருவதில்லை என்று ஒரு வரி. அடுத்த குழந்தை பற்றியோ, அவளைப் போன் பண்ணச் சொல்வதாகவோ எதுவும் இல்லை.

வருஷக் கடைசி. இரண்டாயிரம் பிறக்கப் போகிறது என்று யார் யாரோ வாழ்த்து அட்டைகளாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பலூன் பறக்கிற அட்டை, பட்டாசு வெடிக்கிற அட்டை. ஒவ்வொன்றும் அத்தனை இடத்தை அடைத்தது. அலுவலகம் விட்டதும் ரீனா வந்து, ஒன்றையும் திறந்து பார்க்காமல், எல்லாவற்றையும் அழித்து, தொட்டியையும் காலி செய்தாள். பெட்டியில் ஜெரினா அழுது எழுதின கடிதங்கள் மட்டும் கிடந்தன. மீதியெல்லாம் வெற்று இடம். எத்தனை எழுதினாலும் கொள்ளும்.

வெளியே ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. முத்துக்கிருஷ்ணன் மிஷினுக்குப் போர்த்தும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"லைனைக் கட் பண்ணிரவாக்கா?"

"இன்னும் கொஞ்ச நேரம் தம்பி" என்றாள். ஏற்கெனவே பார்த்த பக்கத்தையே இன்னொரு முறை வரவழைத்தாள்.